கீழே ஓடுகிற எழுத்து யாருக்கு? தமிழ்ப் படம் எடுக்கிறவர்களுக்கும் ஓடிடிக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

படம் எடுக்கிறவர்கள், சீரியல் எடுக்கிறவர்கள், அதையெல்லாம் வாங்கி மாதச் சந்தாவுக்கு எங்கள் வீட்டு டிவியில் கொண்டுவந்து தருகிற ஓடிடி கம்பெனிகள் என்று மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் நீங்கள் ஒருவரையொருவர் கை காட்டுவீர்கள். தயாரிப்பாளரைக் கேட்டால் ஓடிடிக்காரர் போட வேண்டும் என்பார், ஓடிடிக்காரரைக் கேட்டால் தயாரிப்பாளர் கொடுத்தால்தானே போட முடியும் என்பார். உங்களுக்குள் யார் செய்வது என்பதை நீங்களே டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் சின்னது. தமிழ்ப் படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் போடுங்கள். ஒரு வரியில் முடிந்துவிட்டது, இதற்கு எதற்கு இத்தனை நீளக் கடிதம் என்று நினைப்பீர்கள். தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழில் எதற்கு எழுத்து என்று நானும் அப்படி நினைத்தவள்தான், அதனால்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் அம்மாவுக்கு 67 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் 22 வருஷம் தறி ஓட்டியவர். தறி ஓடும்போது நீங்கள் உள்ளே போயிருக்கிறீர்களா? பத்துப் பன்னிரண்டு தறிகள் ஒரே நேரத்தில் ஓடி, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அடித்துக்கொண்டு போகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்த மாட்டார்கள். வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், மீதிக்குக் கை. நாடாவில் இருக்கிற தார் நூல் தீர்ந்துவிட்டது, நெடுக்கு நூலான பாவு அறுந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு வாயசைவு உண்டு. பள்ளிக்கூடம் விட்டு சோற்றுப் போசியோடு வாசலில் நிற்கும்போது, உள்ளே இருபது பெண்கள் சத்தமே வராமல் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தறி பழைய இரும்பு விலைக்குப் போனது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். காது மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

முழுசாகப் போகவில்லை, அதுதான் சிக்கல். டாக்டர் படம் போட்டு விளக்கியதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன்: உயிரெழுத்து கேட்கிறது, மெய்யெழுத்து போய்விட்டது. சத்தத்தாலோ வயதாலோ காது கெடும்போது முதலில் போவது கூர்மையான சத்தங்கள். க, ச, த, ப மாதிரி எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்தக் கூர்மைதான். அ, ஆ, ஓ எல்லாம் தடித்த சத்தங்கள், அவை கடைசி வரை கேட்கும். அதனால் அம்மாவுக்கு யாரோ பேசுகிறார்கள் என்பது தெரியும், ஆணா பெண்ணா தெரியும், கோபமா அழுகையா என்பதும் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. "சத்தம் வருது கண்ணு, பேச்சு வர்றதில்ல" என்பார். ஒருமுறை போலீஸ் கதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அவன்தான் சொன்னான்" என்று ஒருவர் சொல்ல, அம்மா பதறிப்போய் "யாரக் கொன்னான்?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். அடுத்த பத்து நிமிஷம் அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை என்பதை நான் ராத்திரி படுத்த பிறகுதான் யோசித்தேன்.

காது மிஷின் இருக்கிறது. வாங்கினோம், வைத்துக்கொள்கிறார். ஆனால் மிஷினுக்கு எல்லாமே சத்தம்தான், மிக்ஸியும் வசனமும் அதற்கு ஒன்று. சத்தத்தைக் கூட்டி வைத்தால் என்ன என்பீர்கள். கூட்டினால் வசனம் மட்டுமா கூடுகிறது? உங்கள் பின்னணி இசையும் சேர்ந்தல்லவா கூடுகிறது! தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவையில் வசனம் திரைக்கு நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து தனியாக வரும், இசை சுற்றிலும் இருந்து வரும், அதனால் காது இரண்டையும் பிரித்துக்கொள்ளும். வீட்டு டிவியில் அத்தனையும் அடியிலோ முதுகிலோ ஒட்டவைத்த இரண்டு குட்டி ஸ்பீக்கர் வழியாகக் கலந்து கொட்டுகிறது. நல்ல காது உள்ளவர்களே ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வசனத்துக்குக் கூட்டி சண்டைக்குக் குறைத்துக் கூட்டிக் குறைத்துத்தான் பார்க்கிறோம். தியேட்டரிலேயே நிலைமை சுகமில்லை. 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது சத்தம் தாங்கவில்லை என்று ஊரே புலம்ப, தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களிடம் ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சரி, தீபாவளிக் கதைக்கு வருகிறேன்.

அன்று எல்லோரும் வீட்டில் இருந்தோம். முறுக்கு, அதிரசம், டிவியில் ஒரு குடும்பப் படம். பெயர் வேண்டாம், நல்ல படம், அதில் வேலை செய்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், ஆங்கில மீடியம், அவனுக்கு எது பார்த்தாலும் எழுத்து ஓட வேண்டும், அது அந்த வயதுப் பிள்ளைகளின் பழக்கம். படத்தில் ஒரு கிழவர் ஏதோ சொன்னார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார். அந்தத் தாமதச் சிரிப்பை உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பிறகு திரையைக் காட்டி என்னைக் கேட்டார், "கீழ ஓடுதே எழுத்து, அது யாருக்கு?"

காது கேட்காதவர்களுக்கும் மொழி தெரியாதவர்களுக்கும் என்றேன்.

"எனக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

என் அம்மா படிக்கத் தெரியாதவர் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். காலையில் தினத்தந்தி வந்ததும் கன்னித்தீவிலிருந்து ஆரம்பித்து வரி விளம்பரம் வரைக்கும் படிப்பவர். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு இன்னும் முடியவில்லை, அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்காமல் போனதில்லை, ஏனென்றால் எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த மொழியில் எடுத்த படத்துக்கு, அவருக்குத் தெரியாத மொழியில் எழுத்து ஓடுகிறது. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். அன்று அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். செய்ய அங்கே வேலை ஒன்றும் இல்லை.

இப்போது சீரியல்காரர்களுக்கு ஒரு வார்த்தை, மன்னிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் சீரியலைக் கிண்டல் செய்து வளர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். சொன்னதையே மூன்று தடவை சொல்வது, ஒரு சமாச்சாரம் தெரிந்ததும் வீட்டில் இருக்கிற ஒன்பது பேர் முகத்தையும் வரிசையாகக் காட்டுவது, அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கேமராவைப் பார்த்து நின்று பேசுவது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு நக்கல் உண்டு. ஆனால் அம்மாவால் தனியாக உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், முழுசாகப் பார்க்க முடிந்தது சீரியல் ஒன்றுதான். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. முகம் பெரிதாக இருக்கிறது, வெளிச்சம் நேராக விழுகிறது, உதடு தெரிகிறது, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார்கள், முதல் தடவை விட்டால் இரண்டாம் தடவை பிடித்துக்கொள்ளலாம். தறிக்கூடத்தில் 22 வருஷம் வாயசைவு படித்த பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நாங்கள் எதையெல்லாம் குறை என்று சிரித்தோமோ அதெல்லாம்தான் அவருக்கு வாசலாக இருந்திருக்கிறது. நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நன்றி.

மெட்டி ஒலி ஓடிய காலத்தில் (2002இலிருந்து 2005 வரை) அவருக்குக் காது நன்றாக இருந்தது. 2020 ஊரடங்கில் அதையே மறுபடி போட்டபோது பாதிதான் கேட்டது, ஆனால் கதை தெரியும் என்பதால் சமாளித்துக்கொண்டார். எதிர்நீச்சல் வந்ததும் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரமே மாறியது. அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்துவை அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்கும் என்றால், திட்டுவதற்குப் பிடிக்கும். "இந்தாம்மா ஏய்" என்று அவர் சொல்லும்போது காதே வேண்டாம், முகத்திலேயே எழுதி இருக்கும். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் இறந்த செய்தியை நான்தான் போனில் பார்த்து அம்மாவிடம் காட்டினேன். சொந்தக்காரர் போனது மாதிரி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பாத்திரத்துக்குப் பிறகு வந்தவர் வேல ராமமூர்த்தி. அவரும் கம்பீரமான ஆள்தான், நடிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அம்மாவின் புகார் வேறு: "மீச பெருசு, உதடு தெரியல."

சினிமாவுக்கு வந்தால் கதை தலைகீழ். நல்ல படம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் அம்மாவுக்கு எட்டாமல் போகிறது. முதுகைக் காட்டிப் பேசுகிறார்கள், இருட்டில் பேசுகிறார்கள், தொண்டைக்குள் பேசுகிறார்கள். இயல்பு என்றால் அப்படித்தான் இருக்கும், அதை மாற்றச் சொல்லவில்லை. நடிகர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று நான் கேட்டால் என்னை அடிக்க வருவீர்கள், நானே அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன்.

மெய்யழகன் எனக்கு ரொம்பப் பிடித்த படம். ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான் கதை. ரிலீசான பிறகு நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் வெட்டியதில் எனக்கு இன்னமும் கோபம் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், பேச்சே படமாக இருக்கிற படத்தில், பேச்சு கேட்காதவருக்கு மிஞ்சுவது என்ன? அரவிந்த்சாமியும் கார்த்தியும் உட்கார்ந்திருக்கிறார்கள், நடக்கிறார்கள், மறுபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சுக்குப் பேச்சு வருகிற அந்த "அத்தான்" காதில் விழவில்லை என்றால் படமே இல்லை.

இதற்கு நேர் எதிராக ஒரு அதிசயம் நடந்தது கொட்டுக்காளியில். 2024இல் வந்தது, பி. எஸ். வினோத்ராஜ் படம், பின்னணி இசையே கிடையாது. அதை வீட்டில் நான் தனியாகப் பார்க்க உட்கார்ந்தேன், கீரை ஆய்ந்துகொண்டே அம்மாவும் வந்து உட்கார்ந்தார். சூரிக்கு அதில் தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பேசுகிற வேஷம், என் காதுக்கே பாதி எட்டவில்லை. அன்னா பென் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. கீரை அப்படியே கிடக்க, அம்மா கடைசி வரை பார்த்தார். முடிந்ததும் என் மகன் "என்னம்மா, பாதியில நின்னுபோச்சு" என்றான். அம்மா சொன்னார், "அவங்க பேசுனது ஒண்ணும் எனக்கு வெளங்கல. அந்தப் புள்ள பேசாம இருந்தது மட்டும் நல்லா வெளங்குச்சு." அந்தப் படத்துக்கு நான் படித்த எந்த விமர்சனமும் இதற்குப் பக்கத்தில் வராது.

இன்னொன்று பேசும் படம். 1987இல் கமல் நடித்து, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கியது. பேர்தான் பேசும் படம், ஒரு வசனம் கிடையாது. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்துப் பார்த்த படம் சமீபத்தில் அது ஒன்றுதான். அதற்காக எல்லோரும் ஊமைப் படம் எடுங்கள் என்று சொல்ல முடியுமா?

ஆங்கில சப்டைட்டில் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அது இருக்கட்டும், அதனால் வெளியூர்க்காரர்கள் நம் படத்தைப் பார்க்கிறார்கள். நம் ஊர் டிவிக்கு அது புதிதும் இல்லை. தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் காது கேளாதோருக்கான செய்தி கை அசைவில் வரும், பிறகு ஏதாவது ஒரு மாநில மொழிப் படம் ஆங்கில எழுத்தோடு வரும், ஒரே சேனல் இருந்த காலத்தில் வேறு வழியில்லாமல் பெங்காலிப் படம் பார்த்துப் பெருமூச்சு விட்ட தலைமுறை எங்களுடையது. ஆனால் ஆங்கிலத்தில் போகும்போது என்னென்னவோ உதிர்ந்துபோகிறது. மச்சான், மாப்ள, பங்காளி, சகலை, நான்கும் நான்கு உறவு, அதில் இரண்டு பேர் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள், கீழே பார்த்தால் நான்கு பேருமே 'ப்ரோ'. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த 'ப்ரோ'வைப் படித்துத்தான் தமிழ்ப் படம் பார்க்கிறார்கள் என்பது தனியாக வருத்தப்பட வேண்டிய விஷயம்.

தமிழ் எழுத்து ஓடினால் அம்மாவுக்கு மட்டும் லாபம் இல்லை. டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்தபோது அந்தக் குடும்பம் பேசுகிற ஈழத் தமிழில் சில இடங்கள் என் மகனுக்குப் பிடிபடவில்லை. நெல்லைப் பேச்சு வேகமாகப் போனால் எங்கள் கொங்குக் காதுக்கு ஒரு நொடி தாமதம் ஆகும். குமரி மாவட்டத்துப் பேச்சு என்றால் சொல்லவே வேண்டாம். எல்லாம் தமிழ்தான், ஆனாலும் எழுத்தில் பார்த்தால் பட்டென்று விளங்கும். சீனாவில் அவர்கள் சொந்த டிவி நிகழ்ச்சிகளுக்கே சீன எழுத்து கீழே ஓடுவது சர்வ சாதாரணம், ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிற நாடு, எழுத்து எல்லோருக்கும் பொது. யாரும் அதைக் காது கேளாதவர்களுக்கான சலுகை என்று நினைப்பதில்லை.

நம் நாட்டிலேயே இதை ஒருவர் 1996இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரிஜ் கோத்தாரி என்று பெயர், அகமதாபாத் ஐஐஎம்மில் இருந்தவர். வெளிநாட்டில் படித்தபோது ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்தாராம், ஸ்பானிஷ் படத்துக்குக் கீழே ஆங்கிலம் ஓடியதைப் பார்த்து, ஸ்பானிஷே ஓடினால் எனக்கு மொழி வசப்படுமே என்று தோன்றியிருக்கிறது. அங்கிருந்து, இந்திப் பாட்டுக்கு இந்தியிலேயே வரிகள் ஓடினால் அரைகுறையாகப் படிப்பவர்கள் தங்களை அறியாமலே படித்துப் பழகுவார்களே என்ற யோசனை பிறந்தது. முதலில் குஜராத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு தூர்தர்ஷனின் இந்திப் பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹாரிலும் அது வந்தது. பாட்டைச் சேர்ந்து பாடுகிற ஆசையில் கண் தானாக எழுத்தின் மேல் ஓடும், அவ்வளவுதான் சூட்சுமம். என் மகன் தமிழ்ப் பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறான். டிவியில் தினம் இரண்டு மணி நேரம் அவன் கண் முன்னால் தமிழ் எழுத்து ஓடினால் டியூஷன் காசு எனக்கு மிச்சம்.

இனி நீங்கள் சொல்லப்போகிற காரணங்கள்.

செலவு என்பீர்கள். ஆங்கிலத்துக்குச் செலவழிக்கிறீர்கள், அதற்கு மொழிபெயர்க்க வேண்டும், தமிழுக்கு அதுகூட வேண்டாம். வசனம் ஏற்கெனவே தமிழில் எழுதப்பட்டிருக்கிறது, டப்பிங்கில் மாறியதும் தாளில் குறித்திருக்கிறீர்கள், ஆங்கிலத்துக்காக எந்த வரி எந்த நொடியில் வர வேண்டும் என்ற கணக்கும் போட்டு முடித்தாகிவிட்டது. அந்த நொடிக் கணக்கில் தமிழ் வரியைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் லிரிக் வீடியோ என்று எழுத்து துள்ளிக் குதித்து வெடித்துச் சிதறுகிற மாதிரி செய்யத் தெரிந்தவர்கள் நீங்கள். அதிலும் பாதி ஆங்கில எழுத்தில் தமிழ், அது இன்னொரு தலைவலி, இப்போது வேண்டாம்.

தமிழ் வார்த்தை நீளம், திரையில் அடங்காது என்பீர்கள். அடங்கும். சினிமா போஸ்டரில் அடங்குகிறது, பஸ் முன்னால் இருக்கிற பலகையில் கோபிசெட்டிபாளையம் அடங்குகிறது.

பேச்சுத் தமிழை எப்படி எழுத்தில் போடுவது என்பது மட்டும் நியாயமான கேள்வி. எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே போடுங்கள். "எங்கடா போயிட்டு வர்ற" என்று நடிகர் கேட்கும்போது கீழே "எங்கே சென்று வருகிறாய்" என்று ஓடினால் கிழவியும் சிரிப்பாள், என் பிள்ளையும் சிரிப்பான். வாரப் பத்திரிகை ஜோக்குகளும் சிறுகதைகளும் பேச்சுத் தமிழைப் பல தலைமுறையாக அச்சில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, ஏலே, ஏனுங்க, இன்னாபா எல்லாம் நமக்கு எழுத்தில் படித்துப் பழகியவைதான். அதே சமயம் கம்ப்யூட்டரிடம் கொடுத்துக் கேட்டு எழுது என்று விட்டுவிடாதீர்கள். அம்மா பேசியதை போனில் ஒருமுறை அப்படி எழுத வைத்துப் பார்த்தேன். "தறிக்கு நாடா போட்டேன்" என்று அவர் சொன்னது "சரிக்கு நாளா போட்டேன்" என்று வந்தது. மனுஷர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். சாலிகிராமம், வடபழனிப் பக்கம் வேலை தேடி அலைகிற உதவி இயக்குநர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இது இரண்டு நாள் வேலை, கூலியை ஒழுங்காகக் கொடுங்கள்.

வசனத்தை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் அடுத்த கோரிக்கை. யார் பேசுகிறார், திரைக்கு வெளியே என்ன சத்தம், போன் அடிக்கிறதா, கதவு தட்டுகிறார்களா, இதெல்லாமும் வேண்டும். பேய்ப் படத்தில் பின்னால் கொலுசுச் சத்தம் வருவது தெரியாவிட்டால் அவள் ஏன் திரும்பிப் பார்க்கிறாள் என்பது எப்படி விளங்கும்? சீரியலுக்கு மட்டும் இது கொஞ்சம் கஷ்டம்தான். மாமியார் திரும்பும்போது ஒரு இடி, மருமகள் திரும்பும்போது ஒரு இடி, காபி டம்ளர் கீழே விழுந்தால் மூன்று இடி, கீழே இடி, இடி, இடி என்றே ஓடிக்கொண்டிருக்கும், வசனத்துக்கு இடம் இருக்காது. அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பேசவும் என்னிடம் கொஞ்சம் சரக்கு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒளியிலும் ஒலியிலும் வருகிற எல்லாம் அவர்களுக்கு எட்டுகிற வடிவத்தில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2019இல் இதற்காகத் தொலைக்காட்சிகளுக்கு நெறிமுறை வந்தது. 2023 ஜனவரியில் பதான் படம் வெளியாகும் முன்பே ஒரு வழக்கு வந்து, ஓடிடிக்கு வரும்போது இந்தியிலேயே சப்டைட்டிலும், பார்வையற்றவர்களுக்குத் திரையில் நடப்பதைச் சொல்கிற ஒலி விவரணையும் சேர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்திப் படத்துக்கு இந்தியில், கவனியுங்கள். 2024 மார்ச்சில் தியேட்டரில் ஓடுகிற படங்களுக்கும் மத்திய அரசு நெறிமுறை போட்டுக் கெடு வைத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் என்று பதிவானவர்கள் நாடு முழுக்க சுமார் 50 லட்சம் பேர். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்ட என் அம்மா மாதிரி ஆட்கள் அந்தக் கணக்கில் இருப்பார்களா என்று நினைக்கிறீர்கள்? கணக்கெடுக்க வந்தவர் கேட்ட கேள்வியே அவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

ஆனால் கோர்ட்டுக்குப் போய் வாங்குகிற மாதிரி இது இருக்க வேண்டாம் என்பதால்தான் மடலாக எழுதுகிறேன். உங்களுக்கும் வீட்டில் ஒரு அம்மாவோ தாத்தாவோ இருப்பார். உங்கள் படத்தை முதல் நாள் பார்த்துவிட்டு "நல்லா இருக்குப்பா" என்று அவர் சொல்லியிருப்பார். எந்த இடம் பிடித்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து, பிரிண்ட் எடுத்து, அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்குக் கீழே வைத்து, முழுசாகப் படித்தார். என்னை ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. மூன்று இடத்தில் சிரித்தார், மூன்றும் சரியான இடம். இரண்டு திருத்தம் சொன்னார். தறி ஓட்டியது 22 வருஷம் இல்லையாம், 24 வருஷம், நடுவில் பள்ளிபாளையத்தில் ஓட்டிய இரண்டு வருஷத்தை நான் விட்டுவிட்டேனாம். இன்னொன்று உங்களுக்கு: எழுத்தை வெள்ளையில் போடாதீர்கள், படத்தில் எல்லோரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், தெரியாது, மஞ்சளில் போடச் சொல்லு என்றார்.

இப்படிக்கு,
பவானியிலிருந்து ஒரு சந்தாதாரர்